ரிட்டன் அத்தை

இது அருப்புக்கோட்டை பஸ்தானேம்மா? போர்டைப் பாத்துத்தான் ஏறினேன். கண்டக்டரும் டிக்கெட் குடுத்துட்டாரு. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா தப்பில்ல பாரு. போர்டை மாத்த மறந்திருப்பாங்க, கண்டக்டர் வேற நெனப்புல வேற ஊர் பட்டனை அமுக்கிக் குடுத்திருப்பாரு. நடக்காதா? நடக்கும். நீயும் அங்கதான் போறியா? அப்பச் சரி. ரெண்டு பேரு சேந்து தப்பான பஸ்ல ஏற மாட்டோம்.

நீ ஜன்னலோரமே உக்காரு தாயி. கையை வெளிய நீட்டாத. அந்தக் கம்பி ஆடுது பாரு, அதுல சாயாத. மேல இருக்குற பை உன்னுதா? கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சிடவா? நான் பயந்த பொம்பளைன்னு நெனைச்சுக்காத. பயம் வேற, முன்ஜாக்கிரதை வேற. எனக்குப் பயமெல்லாம் கெடையாது. இப்பக்கூட ஒரு ஆளைப் பழிவாங்கிட்டுத்தான் வந்து உக்காந்திருக்கேன். பயந்தவ செய்யுற வேலையா அது?

சிரிக்காத, நெசமாத்தான். கூடப் பொறந்தவனை. ராஜபாளையத்துல, கல்யாண மண்டபத்துல, அம்புட்டு சனத்துக்கு நடுவுல. இன்னைக்குக் காலையிலதான்.

அவன் பேரு சௌந்திரபாண்டி. என் தம்பி. அருப்புக்கோட்டையில பெயிண்டு கடை வெச்சிருக்கான். கடைவீதியில போய் சௌந்திரம் அண்ணாச்சி கடை எதுன்னு கேட்டுப் பாரு, பதில் சொல்றவன் மொதல்ல சிரிப்பான், அப்புறந்தான் வழி சொல்லுவான். அப்படி ஒரு வாய். எழவு வீட்டுலகூட அவனைச் சுத்தி நாலு பேரு உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. எழவு வீடுன்னு சும்மா சொல்லலை. அதுக்கு வர்றேன்.

மொதல்ல திருச்செந்தூர் கதையைச் சொல்லிடுறேன். அவன் சொல்லி நீ கேக்குறதுக்கு முன்னால நான் சொல்லிடணும். எங்க தெருவுல, எங்க சாதிசனத்துல, வேன் ஓட்டுற பயலுகளுக்குக்கூட அவன் சொன்ன கதைதான் தெரியும்.

அவன் மகன் நவநீதனுக்கு முடியெறக்கிக் காது குத்த திருச்செந்தூருக்கு வேன் பிடிச்சுப் போனோம். அவனுக்குத்தான் இன்னைக்குக் கல்யாணம், அப்பக் கைக்குழந்தை. வேன் ஊரைத் தாண்டி அந்தக் கடைசி பெட்ரோல் பங்க்கைக் கடந்ததும் எனக்குத் திடுக்குன்னுச்சு. பால் காய்ச்சின அடுப்பை அணைச்சேனா? அணைச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா அது இன்னைக்கு அணைச்ச ஞாபகமா, நேத்து அணைச்ச ஞாபகமா? தெனமும் அணைக்கிற அடுப்பு, எந்த நாளு ஞாபகம்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? யோசிக்க யோசிக்க, பந்தல்குடி வர்றதுக்குள்ள என் மனசுக்குள்ள எங்க தெருவுல பாதி எரிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு ஆட்டைக்கூட காப்பாத்த முடியலை. கடைசியா வீட்டை விட்டு வந்தது யாருன்னு போலீசு கேக்குறாங்க, எல்லாரும் என்னையக் கை காட்டுறாங்க. எனக்கு வேர்த்துக் கொட்டுது. எங்க வீட்டுக்காரவுக என் மொகத்தைப் பாத்தாக. ஒண்ணும் கேக்கலை. டிரைவர் தோளைத் தட்டி, "திருப்புப்பா"ன்னாக. அம்புட்டுத்தான்.

அடுப்பு அணைச்சுத்தான் இருந்துச்சு. சரி. அதுக்கு என்ன இப்ப? எரிஞ்சிருந்தா? எரிஞ்சிருந்தா என்னையக் கும்பிட்டிருப்பாங்கல்ல? அணைஞ்சிருந்ததாலதான் சிரிக்கிறாங்க. நல்லது நடந்ததுக்குச் சிரிக்கிற கூட்டத்தை எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ?

நாங்க திரும்பினது பந்தல்குடியில. பந்தல்குடி. நல்லாக் கேட்டுக்க. அவன் அந்த வருசம் பொங்கலுக்குச் சொல்றப்ப எட்டயபுரம் ஆக்கிட்டான். அப்புறம் ஒரு வளைகாப்புல தூத்துக்குடி ஆயிடுச்சு. இப்ப எங்க வந்து நிக்குது தெரியுமா? கோயில் வாசலுக்கே போயிட்டோமாம், நாசுவர் பிள்ளைக்குப் பாதித் தலை எறக்கிட்டாராம், அப்ப நான் "அடுப்பு"ன்னு கத்தினேனாம், பாதி மொட்டையோட பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊருக்கே திரும்பி வந்தோமாம். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. அந்த நவநீதன் இருக்கானே, அவனே என்கிட்ட சொல்றான், "அத்தை, பாதித் தலையோட வேன்ல உக்காந்திருந்தது எனக்கு லேசா ஞாபகம் இருக்கு." என்னத்தச் சொல்ல?

அன்னையிலருந்து எனக்குப் பேரு ரிட்டன் அத்தை. எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாத்துக்கும் நான் ரிட்டன் அத்தைதான். என் பேரு தமயந்தின்னு எத்தனை பேருக்குத் தெரியும்னு நெனைக்கிற? எந்த விசேசத்துக்கு வேன் கெளம்பினாலும் டிரைவர் திரும்பிப் பாத்து, "ரிட்டன் அத்தை, போலாமா?"ம்பான். கூட்டம் சிரிக்கும். எல்லாரையும்விட சத்தமாச் சிரிக்கிறவன் எந்தம்பி.

அவனுக்குக் கவலைன்னா என்னன்னே தெரியாதும்மா. பிறவி அப்படி. தலையைச் சாய்ச்சா தூங்கிடுவான். கடை ஷட்டரை எறக்குவான், பூட்டை மாட்டுவான், சாவியைத் திருப்பாம அதுலயே விட்டுட்டுப் போயிடுவான். நான் பால்வாடியில டீச்சரா இருந்தவ, சாயங்காலமா அந்தப் பக்கம் வர்றப்ப பூட்டை இழுத்துப் பாத்தா கையோட வரும். பூட்டி, சாவியைக் கொண்டுபோய் அவன் வீட்டு ஆணியில மாட்டிட்டுப் போவேன். ஸ்கூட்டர்ல சாவியை விட்டுட்டு டீ குடிக்கப் போவான், நான் எடுத்து வெச்சுக்குவேன். மகனுக்குப் பரீட்சைன்னா ஹால் டிக்கெட் எடுத்தானான்னு நான்தான் போன் அடிச்சுக் கேப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னா மறுபடி தொட்டுப் பாக்கச் சொல்றது நான். இம்புட்டு அசட்டையா இருக்குற மனுசனுக்கு இதுவரைக்கும் ஒண்ணுன்னா ஒண்ணு தொலைஞ்சதில்ல, கெட்டதில்ல. சாமி யாரைப் பாத்துக்கிட்டு இருக்கு பாரு! பெறகு என்னையப் பாத்துச் சொல்றான், "நீ வீணா யோசிக்கிறக்கா. என்னையப் பாரு. நான் யோசிக்கிறேனா? என்ன ஆயிடுச்சு இப்ப?"

வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்லு.

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது ஒண்ணு நடந்துச்சு.

எங்க வீட்டுக்காரவுக போய் ரெண்டு வருசமாச்சு. நெஞ்சுவலி. அவுக அதிகமாப் பேச மாட்டாக. ராத்திரி நான் புரண்டு படுத்தா அவுகளுக்குத் தெரியும். கதவா, அடுப்பா, கொழாயான்னு கேக்க மாட்டாக. எந்திரிச்சுப் போய் எல்லாத்தையும் ஒரு சுத்துப் பாத்துட்டு வந்து, "பூட்டியிருக்கு"ன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவாக. கதவைப் பத்தி நான் நெனைக்கவே இல்லைன்னாலும் அதைத்தான் சொல்லுவாக. அந்த ஒரு சொல்லுல நான் தூங்கிடுவேன்.

அவுக பதினாறாம் நாள் காரியம். எல்லாரும் கோயிலுக்குக் கெளம்பி வாசல்ல நிக்கிறாங்க. நான் கதவைப் பூட்டினேன். பூட்டிட்டு, ஒரே ஒரு தடவை, பூட்டை இழுத்துப் பாத்தேன். என்னைக்கும் இழுக்குறதுதான். ஆனா அன்னைக்கு இழுத்ததும் கை அங்கனயே நின்னுபோச்சு. இனிமே பூட்டியிருக்குன்னு சொல்ல ஆள் இல்லைங்கிறது அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அதுவரைக்கும் அழுததெல்லாம் அழுகையே இல்ல. அப்பப் பாத்து அந்தச் சண்டாளன் பின்னாலருந்து சொல்றான், "என்னக்கா, அடுப்பா? விடு, மச்சான் மேல இருந்து பாத்துக்குவாரு."

சிரிச்சாங்கம்மா. அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. கண்ணுல தண்ணியோட சிரிச்சாங்க. என் மகளும் சிரிச்சா. அதைவிடக் கேவலம், நானும் சிரிச்சுட்டேன். என் வாய் தானாச் சிரிச்சிடுச்சு. அந்தச் சிரிப்பை என்னால மன்னிக்கவே முடியலை. என் சிரிப்பை மன்னிக்க முடியாதப்ப அவனை எப்படி மன்னிக்கிறது?

அன்னைக்கு நெனைச்சேன். இவனை ஒரு நாள் கதிகலங்க வைக்கணும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவையாச்சும் இவன் மொகத்துல பயத்தைப் பாக்கணும். பாத்துட்டுத்தான் சாவேன்னு நெனைச்சேன்.

சந்தர்ப்பம் நேத்து வந்துச்சு.

ராஜபாளையத்துப் பொண்ணு. மிருதுளான்னு பேரு. பொண்ணு வீட்டு ஊர்ல கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாங்க மொதநாள் சாயங்காலமே வேன்ல கெளம்புறோம். தாலி மாப்பிள்ளை வீட்டுச் சொத்து, நாங்கதான் கொண்டு போகணும். எல்லாரும் வேன்ல ஏறியாச்சு. வழக்கம்போல, "ரிட்டன் அத்தை, ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்திடுங்க"ன்னு கேலியாச் சொன்னாங்க. கேலிதான், ஆனா என்னைய விட்டா யாரு பாக்குறா? தம்பி வீட்டுக்குள்ள போனேன். அடுக்களை பாத்தேன், கொல்லைக் கதவு பாத்தேன். ஹால்ல பிரிட்ஜு மேல ஒரு செவப்பு வெல்வெட்டுப் பெட்டி.

தாலிப் பெட்டி. மத்தியானம் யாரோ வந்து கேட்டிருக்காங்க, சௌந்திரம் எடுத்துக் காட்டியிருக்கான், அங்கனயே வெச்சுட்டு மறந்துட்டான். மகன் கல்யாணத்துக்குத் தாலியை மறந்துட்டு வேன்ல ஏறி முன்சீட்டுல உக்காந்து கதையடிச்சுக்கிட்டிருக்கான்!

கத்துறதுக்கு வாயைத் தெறந்துட்டேன். மூடிக்கிட்டேன்.

பெட்டியைத் தெறந்து தாலியை எடுத்தேன். மஞ்சக் கயித்தோட ஒரு காகிதத்துல மடிச்சு, ஜாக்கெட்டுக்குள்ள இருக்குற என் பர்சுல வெச்சுக்கிட்டேன். காலிப் பெட்டியைக் கொண்டுபோய் சாமி சாமான் பைக்குள்ள போட்டேன். வேன்ல ஏறினேன். "என்னக்கா, எல்லாம் சரியா இருக்கா?"ன்னான். "எல்லாம் சரியா இருக்குடா"ன்னேன். என் வாயில அந்த வார்த்தை வந்ததுக்கே வேன்ல எல்லாரும் கை தட்டினாங்க.

என் திட்டம் இதுதான். முகூர்த்த நேரத்துல பெட்டியைத் தெறப்பான். காலியா இருக்கும். வெலவெலத்துப் போவான். பொண்ணு வீட்டுக்காரங்க பாப்பாங்க, சபை பாக்கும். வேர்த்துக் கொட்டும். அப்ப நான் மெதுவாக் கிட்டப் போய், அவன் காதுல இல்ல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "ஏந்தம்பி, வேனைத் திருப்பச் சொல்லவா?"ன்னு கேட்டுட்டு, தாலியை எடுத்துக் குடுப்பேன். அந்த ஒரு வரியைத் திருவில்லிபுத்தூர் வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்.

ஆனா பழிவாங்குறது லேசுப்பட்ட வேலை இல்லம்மா. மத்தவங்களுக்கு எப்படியோ, என்னைய மாதிரி ஆளுக்கு லாயக்கில்ல. பர்சு ஜிப்பு சரியா மூடியிருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். பக்கத்துல இருந்த பொண்ணு, "என்னத்தை, நெஞ்சு வலிக்குதா?"ங்குது. ராத்திரி படுத்தா இன்னொரு நெனப்பு. தூக்கத்துல நான் செத்துப்போயிட்டா? தாலி எங்க இருக்குன்னு யாருக்குமே தெரியாது. என்னைய அப்படியே தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதனால சாகாம இருக்கணும்னு விடிய விடிய முழிச்சுக் கெடந்தேன். இன்னொண்ணும் இருந்துச்சு. பூவும் பொட்டும் போனவ நான். என் நெஞ்சுல இன்னொரு பொண்ணு தாலி ராத்தங்கலாமா? அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆயிடுமோ? நான் எங்க அம்மனைக் கூப்பிட்டு, பழியெல்லாம் என் மேல போடு, பிள்ளை மேல போடாதன்னு சொல்லிக்கிட்டேன். என் கோவம் சௌந்திரத்து மேலதான். அது சாமிக்கும் தெரியணும்ல.

காலையில குளிச்சு ரெடியாகி வந்தா, தம்பி பொண்டாட்டி கஸ்தூரி ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. "மதினி, நீங்க மேடைப் பக்கம் வந்து அலைய வேண்டாம். பின்னால ரூமுல பையெல்லாம் இருக்கு, பாத்துக்கங்க. உங்களை மாதிரி பாத்துக்க ஆள் ஏது?" தேன் மாதிரி பேசுவா. எதுக்குப் பின்னால போகச் சொல்றான்னு எனக்குத் தெரியாதா? கல்யாணத்துல என்னைய மாதிரி ஆளு கண்ணுல படக் கூடாது. அவளைக் குத்தம் சொல்லலை, ஊரு வழக்கம் அப்படி. ஆனா மேடையில ஏறி நிக்கிற உரிமை இல்லாதவ ஜாக்கெட்டுக்குள்ளதான் கல்யாணமே இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. பைகளைக் கொஞ்ச நேரம் பாத்தேன். ரூமைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பாத்துட்டு, மேடைக்குப் பக்கத்துல தூணோரமாப் போய் நின்னுக்கிட்டேன்.

ஐயர், "மாங்கல்யத்தைக் கொண்டாங்கோ"ன்னாரு. தட்டுல தேங்காய் வெச்சு, அது மேல தாலியை வெச்சு, சபைக்குக் கொண்டுபோய் எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கணும். சௌந்திரம் பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பெட்டியை எடுத்தான். தெறந்தான்.

நான் மூச்சு விடலை.

காலி. பெட்டியைக் கவுத்தி ரெண்டு தட்டுத் தட்டினான். அப்புறம் என்ன செஞ்சான் தெரியுமா? வெலவெலத்துப் போனானா? வேர்த்தானா? ஒரு மண்ணும் இல்ல. சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே, "எங்க அக்கா எங்கப்பா? தள்ளுங்க, ரிட்டன் அத்தைக்கு வழி விடுங்க. அவகிட்டத்தான் இருக்கும்"னான். கூட்டம் வெலகுச்சு. நான் முன்னால போனேன். அவன் சம்பந்திகிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு, கையை மட்டும் பின்பக்கமா என்னையப் பாத்து நீட்டினான். திரும்பிக்கூடப் பாக்கலை. ஆணியில தொங்குற சாவியை எடுக்குறவன் மாதிரி கையை நீட்டுறான்.

அதுலயும் பாரு, என்னைய மாதிரி ஆளு கையால சபையில தாலி வாங்க மாட்டாங்கம்மா. பொண்ணு வீட்டுப் பெரியம்மா ஒண்ணு மொகத்தைச் சுளிச்சதை நான் பாத்தேன். கஸ்தூரி கண்ணாலயே வேண்டாங்கிறா. அவனுக்கு அந்த நெனப்பே இல்ல. நான் தாலி இழந்தவங்கிறதே அவனுக்கு ஞாபகம் இல்ல. எதுதான் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கு? அப்படி ஒரு அசட்டை!

எனக்கு உச்சிக்கு ஏறிடுச்சு. ரெண்டு வருசம் கறுவிக் கறுவி வெச்சிருந்தது. ராப்பூரா முழிச்சுக் கெடந்தது. ஒரு சொட்டு வேர்வைகூட வராம கையை நீட்டுறானே! அந்த வரியெல்லாம் மறந்துபோச்சு. என் வாயிலருந்து வேற வந்துச்சு.

"என்கிட்ட இல்லையேப்பா."

திரும்பினான். "வெளையாடாதக்கா."

"நான் எதுக்குடா வெளையாடப் போறேன்? நீதானே வெச்சிருப்ப."

அப்பப் பாத்தேன்மா. அந்த மொகத்தை அப்பத்தான் பாத்தேன். ரத்தம் எறங்கிப்போச்சு. சட்டைப் பையைத் தடவுறான், இடுப்புல தடவுறான், பெட்டிக்குள்ள விரலை விட்டுத் தேடுறான், அம்மாம் பெரிய தாலி வெல்வெட்டுக்கு அடியில இருக்கும்ங்கிற மாதிரி. தேங்காயைத் தூக்கிப் பாக்குறான். உதடு காஞ்சுபோச்சு. "பிரிட்ஜு மேல..."ன்னான். அதுக்கு மேல பேச்சு வரலை. கஸ்தூரி வாயில அடிச்சுக்கிட்டா. சம்பந்தி எந்திரிச்சு நின்னுட்டாரு. மேளக்காரருக்கு என்ன தெரியும், அவரு பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டிருக்காரு. சௌந்திரம் என்னையப் பாக்குறான். நீ சொல்லு, என்ன செய்யணும்னு சொல்லுங்கிற மாதிரி பாக்குறான். சின்னப் பிள்ளையில எங்க ஐயா கைப்பிடியை விட்டுட்டுத் திருவிழாக் கூட்டத்துல நின்னானே, அன்னைக்கு அப்படிப் பாத்தான்.

நல்லா இருந்துச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன். குளுகுளுன்னு இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விடலாம்னுதான் நெனைச்சேன்.

அப்பத்தான் அந்தப் பொண்ணைப் பாத்தேன். மிருதுளாவை. தலை குனிஞ்சு மணையில உக்காந்திருக்கா. கட்டைவிரலால மத்த விரல் ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டு எண்ணுறா. சுண்டுவிரல் வரைக்கும் போறது, திரும்பி வர்றது, மறுபடியும் போறது. அது என்னன்னு எனக்குத் தெரியாதா? நான் ஆயுசுக்கும் செஞ்சுக்கிட்டிருக்குறது. அவ மனசுக்குள்ள இந்நேரம் எது எது எரிஞ்சிருக்கும்னும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இது சம்பந்தமே இல்லையே. அவளை நான் கணக்குலயே எடுக்கலையே. எல்லாத்தையும் யோசிச்சவ, அதை யோசிக்கலை பாத்தியா.

பர்சை எடுத்தேன். "இந்தாடா. கீழ விழுந்திடும்னு நான்தான் எடுத்து வெச்சேன்"ன்னேன்.

வேனைத் திருப்பச் சொல்லவான்னு கேக்கவே இல்லம்மா! அம்புட்டுத் தடவை சொல்லிப் பாத்தேன். வாய் வரலை.

மண்டபமே சிரிக்குது. சம்பந்தி கும்பிடுறாரு, "இப்படி ஒருத்தங்க வீட்டுல இருக்கணும்"ங்கிறாரு. மொகஞ்சுளிச்ச பெரியம்மா என் கையைப் பிடிச்சு, "மகராசி"ங்குது. பழிவாங்கப் போனவளுக்கு நல்ல பேரைக் குடுத்து உக்கார வெச்சுட்டாங்க. இதைவிடக் கொடுமை உண்டா? ஆனா ஒண்ணு. சௌந்திரம் சிரிக்கலை. தட்டை எடுத்துக்கிட்டுச் சபைக்குள்ள போனான், அந்தத் தேங்காய் தட்டுல ஆடிக்கிட்டே போச்சு.

தாலி கட்டி முடிச்சு, பந்தியில உக்காந்தேன். வந்து பக்கத்து எலையில உக்காந்தான். வழக்கமா அவன் உக்காந்தா சுத்தி நாலு பேரு வந்து உக்காருவாங்க. யாரையும் கூப்பிடலை. சாம்பார் ஊத்தினாங்க, பெசையலை. என்னையப் பாக்காம, எலையைப் பாத்துக்கிட்டே கேட்டான்.

"அக்கா, அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் காது அடைச்சுப்போச்சு. மேளச் சத்தமே கேக்கலை. எனக்கு என்னென்னமோ தோணுச்சு. உனக்கு... உனக்குத் தெனமும் இப்படித்தான் இருக்குமாக்கா?"

இதுவரைக்கும் என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்ல தாயி. எங்க அம்மா கேட்டதில்ல. பெத்த மக கேட்டதில்ல. அவுககூடக் கேட்டதில்ல, எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வருவாகளே தவிர, உனக்கு எப்படி இருக்குன்னு கேட்டதில்ல. அழுதுட்டா நான் தோத்த மாதிரி ஆயிடும். இவன் கேட்டா நான் அழணுமா? அதனால பருப்பைப் பெசைஞ்சுக்கிட்டே சொன்னேன்.

"இது கால்வாசிடா."

அவன் எலையை மூடிட்டு எந்திரிச்சுட்டான். ஒரு வாய் சாப்பிடலை. மகன் கல்யாணச் சாப்பாடு! நான் பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டேன். ரெண்டாந்தடவையும் வாங்கினேன். அப்புறம் என் பையை எடுத்துக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லிக்காம வந்து இந்த பஸ்ல ஏறிட்டேன். அந்த வேன்ல இனிமே நான் ஏற மாட்டேன். போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லாமப் போனா எப்படி இருக்கும்னு அவனுக்கும் தெரியட்டும்.

இந்தா, போன் அடிக்குது. கொஞ்சம் பாரும்மா, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. சௌந்திரம்னு போட்டிருக்கா? போட்டிருக்கும். எடுக்காத. எடுக்காதன்னேன்ல. அடிக்கட்டும்.

அவனா எனக்குப் போன் அடிச்சதே கெடையாது தெரியுமா? நான்தான் அடிப்பேன், அவன் எடுக்க மாட்டான், நான் ஆஸ்பத்திரி வரைக்கும் யோசிச்சு முடிச்ச பெறகு, "தூங்கிட்டேன்க்கா"ம்பான். இன்னைக்கு அவன் அடிக்கிறான். இந்நேரம் மண்டபத்துல ஒவ்வொரு ரூமாத் தேடியிருப்பான். பாத்ரூம் கதவைத் தட்டியிருப்பான். அக்கா எங்க போனா, ரோட்டைத் தாண்டினாளா, தப்பான பஸ்ல ஏறிட்டாளான்னு நெனைச்சு நெனைச்சுக் கெடந்து தவிப்பான். தவிக்கட்டும். மீதி முக்கால்வாசியையும் அவன் பாக்கட்டும். இன்னும் நல்லா அடிறா, அடி. சிவகாசி வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இரு.

நின்னுபோச்சா? மறுபடி அடிப்பான் பாரு. விட மாட்டான் இன்னைக்கு.

...அடிக்கலையே.

சிக்னல் இருக்காம்மா? இருக்கா? அப்ப ஏன் அடிக்க மாட்டேங்கிறான்? ஒரு தடவை அடிச்சுட்டு நிறுத்துற ஆளா, இம்புட்டுத் தவிப்புல இருக்குறவன்? என்னையத் தேடிக்கிட்டு வண்டியை எடுத்துட்டு வந்திருப்பானோ? ஒரு வாய் சாப்பிடாம, நடுங்குற கையோட வண்டி ஓட்டினா என்னத்துக்கு ஆகும்? எங்க வீட்டுக்காரவுகளுக்கும் நெஞ்சுவலி வந்த அன்னைக்கு இப்படித்தான், கைதான் மொதல்ல நடுங்குச்சு. ஏம்மா, பாத்துக்கிட்டே இருக்கியே, அவனுக்குத் திரும்ப அடிக்கிறதுக்கு எதை அமுக்கணும்? எனக்குக் கை வர மாட்டேங்குது. நீயே அடிச்சுக் குடு தாயி, சீக்கிரம்.